எச்சில் இலைக்கு மாசம் 5,200 ரூபாய்

சாப்பிட்டவர் இலையை மடக்கிவிட்டு எழுந்தால் நம் வேலை முடிந்தது என்று இருபது வருஷம் இருந்தேன். இப்போது மடக்கிய இலையை மறுபடி பிரித்துப் பார்க்க ஒரு ஆளுக்குச் சம்பளம் கொடுக்கிறேன். அந்த நிலைமைக்கு என்னைக் கொண்டுவந்த குப்பைக் கம்பெனியைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

முதலில் என்னைப் பற்றி. ஊர் வாணியம்பாடி பக்கம். கல்யாணமாகி 1999ல் பெங்களூர் வந்தேன். அல்சூரில், ஜோகுபாளையத்தை ஒட்டிய ஒரு சந்தில் மெஸ் வைத்திருக்கிறோம். 32 நாற்காலி. காலையில் இட்லி, பொங்கல், வடை, மதியம் இலைச் சாப்பாடு, ராத்திரி கிடையாது. ஞாயிறு லீவு. சமையல் என் வீட்டுக்காரர் பொறுப்பு. கல்லாவும் குப்பையும் என் பொறுப்பு. இரண்டாவது வேலை முதல் வேலையைவிடப் பெரிது என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

கம்பெனி பெயரைப் போடவில்லை. குறையும் சொல்லப்போகிறேன், நாளைக்கும் அவர்கள் வண்டி என் வாசலுக்கு வர வேண்டும். பச்சை வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஊரில் குப்பைக் கம்பெனி வண்டி பாதிக்கு மேல் பச்சைதான், அதனால் யாரையும் காட்டிக்கொடுத்ததாக ஆகாது.

தனியாரிடம் ஏன் போக வேண்டும், கார்ப்பரேஷன் வண்டி வராதா என்று ஊரிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். வரும், வீடுகளுக்கு. கடை, ஓட்டல், பெரிய அபார்ட்மென்ட் எல்லாம் அதிகக் குப்பை போடும் கணக்கில் வந்துவிடும். நாடு முழுக்க வந்த 2016 விதியில் ஒரு நாளைக்கு 100 கிலோவுக்கு மேல் போடுகிறவர்தான் மொத்தக் குப்பைக்காரர் என்று வைத்திருந்தார்கள். பெங்களூரில் கடைகளுக்கு வரம்பு அதைவிட ரொம்பக் கீழே இருந்தது. எங்களை மாதிரி ஆட்கள் குப்பையைத் தாங்களே உரமாக்க வேண்டும், இல்லை பதிவு செய்த தனியார் கம்பெனிக்குக் காசு கொடுத்து அனுப்ப வேண்டும். 32 நாற்காலி மெஸ்ஸில் உரக்குழி தோண்ட இடம் எங்கே இருக்கிறது? கை கழுவும் இடத்துக்கே வாடகை கொடுக்கிறோம்.

பச்சை வண்டி வருவதற்கு முன்னால் எங்கள் ஈரக் குப்பையை ஒரு டெம்போக்காரர் எடுத்துக்கொண்டிருந்தார். பன்றிப் பண்ணைக்கு. ராத்திரி பத்தரை, பதினொன்றுக்கு வருவார், டிரம்மை அப்படியே கவிழ்த்துக்கொள்வார், மாசம் 1,000 ரூபாய். ஒரு காலத்தில் அவர்தான் எங்களுக்குக் காசு கொடுத்தார் என்று மாமியார் சொல்வார். நல்ல மனிதர். ஆனால் மழை பெய்தால் வரமாட்டார், பண்டிகைக்கு வரமாட்டார். எலுமிச்சை மூடி, ஊதுபத்தி கவர், பல்குச்சி எல்லாம் சேர்ந்து எங்கே போய் விழுகிறது என்று அவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அபராத நோட்டீஸ் ஒன்று கையில் வந்த பிறகுதான் கேட்கவேண்டும் என்று தோன்றியது.

2012 ஆகஸ்ட் கடைசியில் பெங்களூரில் இருந்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். மாவள்ளிபுரா கிடங்கை ஊர்க்காரர்கள் போராடி மூடவைத்தார்கள், நகரம் முழுக்கத் தெரு முனையில் குப்பை மலை. அந்த வருஷம் அக்டோபர் 1 முதல் பிரித்துத்தான் போடவேண்டும் என்றார்கள். அப்புறம் மண்டூரில் கொட்டினார்கள், அதுவும் 2014 முடிவில் நின்றது. 2015ல் ஹைகோர்ட் சொல்லி இரண்டு கூடை, ஒரு பை என்ற கணக்கு வந்தது: பச்சைக் கூடையில் ஈரம், சிவப்பில் நாப்கின், டயப்பர் வகையறா, பையில் உலர்ந்தது. ஹசி கசா (ஈரக் குப்பை), ஒண கசா (உலர்ந்த குப்பை) என்று எங்கள் சந்துக் குழந்தைகள்கூடக் கன்னடத்தில் சொல்லும். வாய் பழகிவிட்டது. கை பழகப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது.

சரி, கம்பெனிக்கு வருகிறேன். 2024 டிசம்பரில் கையெழுத்துப் போட்டேன். ஈரக் குப்பை கிலோவுக்கு 5 ரூபாய், ஜிஎஸ்டி தனி. ஒரு நாளைக்கு எங்களுக்குச் சராசரி 40 கிலோ: 140 இலை, இலையில் மிச்சம் வைத்தது, காய்கறித் தோல், முருங்கை நுனி, கறிவேப்பிலைக் காம்பு, டிகாஷன் சக்கை. மாசத்துக்கு 26 நாள், 1,040 கிலோ, 5,200 ரூபாய். டெம்போக்காரர் கணக்கோடு பார்த்தால் ஐந்து பங்கு. வீட்டுக்காரர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

முதல் மாச பில் 5,980. நானே தினமும் சீட்டில் எடையை எழுதிவைத்திருந்தேன், ஆனால் அவர்கள் தராசில் பார்த்த எடையைத்தான் எழுதியிருந்தேன். இரண்டாவது மாசமும் அதே மாதிரி. ஒரு நாள் காலி டிரம்மைச் சும்மா கொக்கித் தராசில் மாட்டிப் பார்த்தேன். 3 கிலோ. தினம் இரண்டு டிரம், 6 கிலோ, 26 நாளுக்கு 156 கிலோ, 780 ரூபாய். பிளாஸ்டிக் டிரம்மை உரமாக்க மாசாமாசம் 780 ரூபாய் கொடுத்திருக்கிறேன்! ஃபீல்டு மேனேஜர் சின்னப் பையன், மைசூர்க்காரர், போன் போட்டதும் ஓடிவந்தார். "மேடம், சிஸ்டம்ல டிரம் வெயிட் கழிச்சிடும்னு நினைச்சோம்" என்றார். கழிக்கவில்லை. அடுத்த பில்லில் இரண்டு மாசத் தொகையும் திருப்பிக் கழித்தார்கள். ஏமாற்றினார்கள் என்று சொல்லமாட்டேன், யாரும் பார்க்காமல் விட்டது. நீங்கள் புதிதாகச் சேர்ந்தால் முதல் நாளே காலி டிரம்மை எடை போட்டு, அந்த எண்ணை டிரம்மின் மேலேயே பெயின்டால் எழுதிவிடுங்கள். நான் எழுதியிருக்கிறேன். வண்டியில் வரும் அக்கா அதைப் பார்த்து முதல் நாள் சிரித்தார், இப்போது மற்றக் கடைகளுக்கும் அதே யோசனையைச் சொல்கிறாராம்.

அந்த அக்காதான் இந்தக் கம்பெனிக்கு நான் கொடுக்கும் மார்க்கில் கிட்டத்தட்டப் பாதி. திருவண்ணாமலைப் பக்கம். சின்ன வயதிலேயே பெங்களூர் வந்து, தெருவில் பிளாஸ்டிக் பொறுக்கி, பிறகு ஒரு வார்டு உலர் குப்பை மையத்தில் பிரிக்கும் வேலை பார்த்து, அங்கிருந்து இங்கே வந்தவர். கையுறை, ஷூ, அடையாள அட்டை, பிஎஃப் எல்லாம் இருக்கிறது. என்னை அம்மா என்பார், நான் அவரை அக்கா என்பேன், இரண்டு பேருக்கும் வயது ஒன்றுதான். டிரம்முக்குள் மேலாகப் பார்த்தே உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவார். "அம்மா, இன்னைக்கு யாரோ மசாலா பாக்கெட்ட அப்படியே போட்டிருக்காங்க, கிளறிப் பாருங்க." கிளறினால் இருக்கும். நான் பத்து வருஷம் படித்தும் வராத கண்.

இந்த ஊரில் குப்பையைப் பிரிக்கும் அறிவு அவர்களைப் போன்றவர்கள் கையில்தான் இருக்கிறது. ஹசிரு தளா மாதிரி அமைப்புகள் அவர்களை ஒன்றுசேர்த்து அடையாள அட்டை வாங்கிக்கொடுத்து, உலர் குப்பை மையங்களை நடத்தவைத்தன. அந்த அனுபவத்தின் மேல்தான் இன்றைக்குப் பல தனியார் கம்பெனிகள் நிற்கின்றன. கோட் போட்ட ஆட்கள் செயலி காட்டுவார்கள். டிரம்மைக் காட்டினால் அக்காவைத்தான் கூப்பிடுவார்கள். போன ஜூனில் அவரை வேறு ரூட்டுக்கு மாற்றி இரண்டு புதுப் பையன்களை அனுப்பினார்கள். மூன்றே வாரம். ஈரத்தையும் காய்ந்ததையும் ஒரே பெட்டியில் கொட்டிக்கொண்டு போனார்கள். நான் பிரிப்பதற்குச் சம்பளம் கொடுக்கிறேன், நீங்கள் கலப்பதற்குக் காசு வாங்குகிறீர்களா என்று சத்தம் போட்டேன். அக்கா திரும்பி வந்தார்.

இப்போது இலை விஷயம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் இலைச் சாப்பாடு போடும் யாரும் இதில் மாட்டுவார்கள்.

மார்ச் மாசம் மைசூர்ப் பையன் வந்து, இலைக்கு இனி கிலோவுக்கு ஒன்றரை ரூபாய் சேர்த்துத் தரவேண்டும் என்றார். என்னப்பா, இலையை விட மக்கும் பொருள் உலகத்தில் உண்டா என்று கேட்டேன். மக்கும் மேடம், மெஷின்தான் மக்காது என்றார். நேரில் பார்க்காமல் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை பையனின் ஸ்கூட்டரில் ஹொஸ்கோட்டே பக்கம் அவர்கள் ஷெட்டுக்குப் போனேன்.

வாசலில் நாற்றம் இருக்கும் என்று முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு போனேன். புளித்த மாவு வாசனைதான். எங்கள் கிரைண்டர் ரூம் மாதிரி. வண்டி கொட்டியதும் ஒரு ஓடும் பெல்ட்டில் குப்பை ஏறுகிறது. இரண்டு பக்கமும் பெண்கள் நின்று பிளாஸ்டிக், கண்ணாடி, தேங்காய் ஓடு, எலும்பு எல்லாம் பொறுக்கி எடுக்கிறார்கள். பாதிப் பேர் தமிழ். அதற்கு அப்புறம் அரவை இயந்திரம், கூழாக்கி, தண்ணீர் சேர்த்துப் பெரிய மூடிய கலனுக்குள் போகிறது. உள்ளே காற்று இல்லாத இடத்தில் வாழும் கிருமிகள் அதைத் தின்று வாயு விடுகின்றன. அதில் பாதிக்கு மேல் மீத்தேன், மீதி பெரும்பாலும் கரியமில வாயு. வாயுவில் ஜெனரேட்டர் ஓடுகிறது. அடியில் வரும் கழிவுக் கூழ் உரத்துக்குப் போகிறது. அங்கே நின்ற டெக்னீஷியன், "நம்ம வயிறு மாதிரிதான் மேடம். ஒரே நாள்ல எலுமிச்சையும் எண்ணெயும் ஜாஸ்தி போட்டா புளிச்சுப்போய் வேலை நிறுத்திடும்" என்றார். இந்த ஒரு வாக்கியத்துக்கு ஹொஸ்கோட்டே வரை போனது தகும்.

அரவை இயந்திரத்தை நிறுத்தித் திறந்து காட்டினார். இலையின் நடு நரம்பு நீள நீள நாராகப் பிரிந்து, சுழலும் தண்டில் கூந்தல் மாதிரி சுற்றிக்கொண்டிருக்கிறது. பூக்கட்ட நாம் எடுக்கும் வாழை நார் மாதிரியே. கத்தியால் அறுத்து எடுக்கிறார்கள். அரைமணி நேரம் மெஷின் நிற்கிறது. ஒன்றரை ரூபாய் ஏன் கேட்டார்கள் என்று புரிந்தது.

பெல்ட்டின் கடைசியில் ஒரு தகர டப்பா. அதில் ஸ்பூன்கள். நாற்பது ஐம்பது இருக்கும். அதில் மூன்று ஸ்பூனின் காம்பில் எங்கள் மெஸ்ஸின் எழுத்து. பெல்ட்டில் நின்ற அம்மா ஒருவர், "எந்தக் கடைதுன்னு தெரியாம வச்சிருந்தேன், எடுத்துட்டுப் போம்மா" என்று கழுவித் துடைத்துக் கொடுத்தார். நானோ பந்தி பரிமாறும் பையன்மேல் சந்தேகப்பட்டு வேறு வைத்திருந்தேன்.

திரும்பி வந்து இலை எடுக்கும் முறையை மாற்றினேன். நம் பழக்கம், சாப்பிட்டதும் இலையைத் தன் பக்கமாக மடக்குவது. மரியாதை. ஆனால் அந்த மடிப்புக்குள் என்னவெல்லாம் போகிறது தெரியுமா? டிஷ்யூ, பான் மசாலா கவர், பஸ் டிக்கெட், ஒரு நாள் ஒரு காது மெஷின் பேட்டரி. மடித்துவிட்டால் யாருக்கும் தெரியாது. இப்போது இலை எடுக்கும் தம்பி ஒவ்வொன்றையும் பிரித்து, சோற்றை ஒரு டிரம்மில் வழித்து, வெறும் இலையைச் சாக்கில் அடுக்குகிறார். முதலில் முகம் சுளித்தார். எச்சில் இலை எடுக்கும் வேலையை நம் ஆட்கள் எந்த மரியாதையில் வைத்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். அதனால் அவர் கேட்கும் முன்பே சம்பளத்தில் 1,500 கூட்டினேன், நீளக் கையுறை வாங்கிக் கொடுத்தேன், முதல் வாரம் நானும் கூட நின்று வழித்தேன். மேசைக்கு மேசை டிஷ்யூவுக்கென்று ஒரு சின்ன டப்பாவும் வைத்தேன். பாதிப் பேர் போடுகிறார்கள்.

வெறும் இலை எங்கே போகிறது? சோமேஸ்வரர் கோயில் பக்கத்தில் மாடு வைத்திருப்பவர் ஒருவர் சைக்கிளில் வந்து எடுத்துப்போகிறார். வெறும் இலைதான் வேண்டும், சோறு வேண்டாம் என்றார். சோறு அதிகம் தின்றால் மாட்டுக்கு வயிறு புளித்துப் படுத்துவிடுமாம். கலன், மாடு, மனுஷன் எல்லோருக்கும் ஒரே வைத்தியம் போல. இதனால் கம்பெனிக்குப் போகும் எடை 40லிருந்து 28 கிலோவாக இறங்கியது. என் பில்லும் மாசம் 3,640 ஆனது. கூட்டிய சம்பளத்தைக் கழித்தால் கையில் நிற்பது 60 ரூபாய். பரவாயில்லை. தலைப்பில் 5,200 என்று போட்டது பழைய கணக்கு, ஆனால் அந்த எண்தான் என் மண்டையில் நிற்கிறது.

வெள்ளிக்கிழமையும் அமாவாசையும் 220 இலை போகும். மாட்டுக்காரரால் முடியாது. அன்றைக்கு மட்டும் கம்பெனி எடுக்கிறது, இலையைக் குறுக்கே நாலாக வெட்டிக் கொடுக்கிறோம், கூடுதல் ஒன்றரை ரூபாய் கிடையாது. இது நானும் அந்த மைசூர்ப் பையனும் பேசி முடித்தது. ஒப்பந்தத்தில் கையால் எழுதிச் சேர்த்திருக்கிறோம்.

மக்கும் கவர் என்று ஒருவர் வந்து விற்றார், பார்சலுக்கு. சோள மாவில் செய்ததாம், சான்றிதழ் எல்லாம் காட்டினார். ஷெட்டில் கேட்டேன். வேண்டவே வேண்டாம் என்றார்கள். அது மக்குவதற்கு ஆலை அளவிலான சூடு வேண்டும், கூழில் போட்டால் பிளாஸ்டிக் மாதிரியே மிதக்கும், பெல்ட்டில் நிற்பவர்களுக்குப் பார்த்தால் வித்தியாசமும் தெரியாது. கர்நாடகாவில் கேரி பேக் தடை 2016 மார்ச்சிலேயே வந்துவிட்டது. சாம்பாரைக் கவரில் கட்டித் தருவது மட்டும் இன்னும் எல்லா சந்திலும் நடக்கிறது. நாங்கள் தூக்கு கொண்டுவந்தால் 10 ரூபாய் குறைவு என்று போர்டு மாட்டினோம். ஹெச்ஏஎல் விமான ஆலையில் ஷிப்ட் போகும் ஆட்கள் கொண்டுவருகிறார்கள். ஐடி பிள்ளைகள் படித்துவிட்டுச் சிரிக்கிறார்கள்.

உலர்ந்த குப்பையைப் பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன்: பச்சை வண்டிக்குக் கொடுக்காதீர்கள். இலவசமாக எடுத்துக்கொள்கிறோம் என்பார்கள், பெருந்தன்மை மாதிரி இருக்கும். அட்டைப்பெட்டி, எண்ணெய்த் தகரம், கழுவிக் காயவைத்த நந்தினி பால் கவர் எல்லாவற்றுக்கும் விலை உண்டு. நம் ஊரில் காயலான் கடை என்போம், இங்கே குஜரி. எங்கள் தெருக்கோடி குஜரி அண்ணன் ஆம்பூர்க்காரர், முப்பது வருஷமாக அதே இடம். அவரிடமிருந்து சரக்கு ஜாலி மொஹல்லாவுக்கும், பிளாஸ்டிக் என்றால் மைசூர் ரோட்டில் நாயண்டஹள்ளிக்கும் போகிறது. அங்கே கழுவி, அரைத்து, உருக்கி மறுபடி பொருளாகிறது. தனியார் மறுசுழற்சி என்று கருத்தரங்கில் பேசுகிறார்களே, அது இந்த ஊரில் எந்த விதியும் வருவதற்கு முன்பே ஒரு தராசும் ஒரு தள்ளுவண்டியுமாக நடந்துகொண்டிருக்கிறது. குஜரி அண்ணன் எடுக்காத ஒன்று உண்டு: சிப்ஸ், ஷாம்பு பாக்கெட் மாதிரி உள்ளே பளபளவென்று இருக்கும் பல அடுக்குக் கவர். அதை உருக்கிப் பிரிக்க முடியாது, சிமென்ட் ஆலையில் எரிக்கத்தான் போகிறது. அதை மட்டும் பச்சை வண்டிக்குக் கொடுக்கிறேன். அவர்களுக்கு அதனால் நஷ்டம்தான், எடுக்கிறார்கள், அதற்கு ஒரு மார்க்.

எண்ணெய் இன்னொரு கம்பெனி. வடை சட்டியில் வாரம் 12 லிட்டர் கழிவு எண்ணெய் சேரும். சொல்லக் கூசுகிறது, முன்பு அதை லிட்டர் 60 ரூபாய்க்கு ஒருவர் வாங்கிக்கொண்டு போவார். எங்கே என்று தெரிந்தே கேட்காமல் இருந்தேன். சாயங்காலம் தள்ளுவண்டியில் போண்டா போடுகிறவர்களுக்கு. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலையிலிருந்து ஒரு வரம்பு வைத்திருக்கிறது: திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது சேரும் போலார் பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெய் சமையலுக்கு ஆகாது. அதே வருஷம் ஆகஸ்டில், பழைய எண்ணெயை பயோடீசலுக்கு அனுப்பும் ரூகோ என்ற திட்டத்தையும் தொடங்கினார்கள். இப்போது வரும் கம்பெனி பூட்டுப் போட்ட கேன் தருகிறது, லிட்டருக்கு 40 ரூபாய், ரசீது. வாரம் 240 ரூபாய் நஷ்டம். என் பெரிய பையன் பத்தாவது படிக்கும்போது தினமும் அந்த மாதிரி வண்டியில்தான் போண்டா தின்றான் என்று போன வருஷம் சாவகாசமாகச் சொன்னான். அதற்கப்புறம் 60 ரூபாய்க்காரர் போனை நான் எடுக்கவில்லை.

இனி பச்சை வண்டியின் பெரிய குறை. ஆயுத பூஜை.

பெங்களூரில் ஆயுத பூஜைக்கு மறுநாள் ரோட்டைப் பார்த்திருக்கிறீர்களா? உடைத்த பூசணி, வாடிய சாமந்தி, வாழைக்கன்று. டன் டன்னாக. 2025 அக்டோபர் 1, புதன், வண்டி வரவில்லை. வியாழன் விஜயதசமி, எங்களுக்கும் லீவு. வெள்ளி வரவில்லை. போன் போட்டால் செயலியில் புகார் பதிவு செய்யுங்கள் என்கிறது ஒரு குரல். பதிவு செய்தேன், தீர்க்கப்பட்டது என்று பச்சை டிக் வந்தது! பின்கட்டில் மூடிய டிரம்மில் நூறு கிலோவுக்கு மேல் சாம்பார் சோறு. வெள்ளி ராத்திரி மூடியைத் திறந்தவர் என் வீட்டுக்காரர், அதற்கு மேல் எழுதவில்லை. பின்வீட்டு ரெட்டியம்மா கன்னடம், தெலுங்கு, தமிழ் மூன்றிலும் திட்டினார், மூன்றிலும் நியாயம் இருந்தது. சனிக்கிழமை விடியற்காலை பழைய பன்றிப் பண்ணை டெம்போக்காரரைத் தேடிப் பிடித்து 900 ரூபாய் கொடுத்து அனுப்பினேன். அன்று மதியம் ஒரு மணிக்குப் பச்சை வண்டி வந்தது, பந்தி நடுவில். பூசணிக்காய் நிறைந்து கலனில் இடமில்லை, முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும் என்று மைசூர்ப் பையன் தலையைச் சொறிந்தார். 900க்கு ஈடாக ஒரு நாள் தொகையைக் கழித்தார்கள். 140 ரூபாய்.

ஆயுத பூஜை எந்தத் தேதி என்று காலண்டரில் ஒரு வருஷம் முன்பே போட்டிருக்கிறது. அரசாங்க வண்டி வராவிட்டால் கவுன்சிலரைத் திட்டலாம், ஆபீஸ் வாசலில் போய் நிற்கலாம். கவுன்சிலர் இல்லாமல் பல வருஷம் ஓடியது, 2025 செப்டம்பரில் பிபிஎம்பி என்ற பழைய ஒரே மாநகராட்சி போய் ஐந்து மாநகராட்சி வந்தது, ஆனாலும் போய் நிற்க ஒரு வாசல் இருக்கிறது. கம்பெனிக்கு எந்த வாசல்? செயலியின் பச்சை டிக்தான் வாசல். காசு கொடுப்பதால் நமக்கு உரிமை கூடும் என்று நினைத்தேன், பண்டிகை நாளில் அது குறைந்துபோனது.

இன்னொரு சின்ன எரிச்சல். மாசாமாசம் ஒரு அறிக்கை அனுப்புகிறார்கள், கலர் படத்தோடு. இத்தனை கிலோ கரியமிலம் மிச்சம், இத்தனை மரம் நட்டதற்குச் சமம் என்று. போன மாசம் நான் 11 மரம் நட்டேனாம். எங்கே என்று சொன்னால் தண்ணீராவது ஊற்றுவேன். அந்த அறிக்கையை விட, தினமும் அக்கா கிழித்துக் கொடுக்கும் எடைச் சீட்டுதான் எனக்கு முக்கியம். உணவுத் துறை ஆள் வந்தபோது அந்தச் சீட்டுக் கட்டைத்தான் காட்டினேன், அவரும் அதைத்தான் புரட்டினார்.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். அதில் ஒன்றரை அக்காவுக்கு. ஷெட்டைத் திறந்து காட்டியதற்கு ஒன்று, டிரம் காசைத் திருப்பியதற்கு அரை, பளபள கவரை எடுப்பதற்கு அரையாகக் குறைத்துக்கொள்கிறேன். மீதி ஒன்றரையை ஆயுத பூஜை தின்றுவிட்டது. சேரலாமா என்று கேட்டால், தினம் 25 கிலோவுக்கு மேல் போடும் கடைகள் சேரலாம். அதற்குக் கீழே என்றால் பக்கத்துக் கடையோடு கூட்டுச் சேர்ந்து ஒரு டிரம் வைத்துக்கொள்ளுங்கள், தனியாகப் போனால் குறைந்தபட்சத் தொகை என்று 3,000 கேட்கிறார்கள். சேரும் முன் ஷெட்டைப் பார்க்கவேண்டும் என்று கேளுங்கள். காட்டமாட்டேன் என்கிற கம்பெனியோடு பேச்சை நிறுத்திவிடலாம்.

ஒப்பந்தம் இந்த மாசம் புதுப்பிக்க வந்தது. கிலோ 6 ரூபாய் கேட்டார்கள். ஐந்தரைக்கு முடித்தேன். கீழே கையால் இரண்டு வரி சேர்க்கச் சொன்னேன்: பண்டிகைக்கு முந்தைய நாளும் மறுநாளும் வண்டி வராவிட்டால் மாற்று வண்டிக்கான முழுச் செலவும் கம்பெனியுடையது, இந்த ரூட்டில் அக்காவை மாற்றுவதானால் ஒரு வாரம் முன்பே சொல்லவேண்டும். முதல் வரிக்கு மைசூர்ப் பையன் மேலே போன் போட்டுக் கேட்டார், கால் மணி நேரம் ஆனது. இரண்டாவது வரிக்கு யாரையும் கேட்கவில்லை, அவரே கையெழுத்துப் போட்டார்.

நாளைக்கு அமாவாசை. 220 இலை சொல்லியிருக்கிறது, வண்டியை மூன்றரைக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.